கீழிருந்து நான்காவது

படிவம் கேட்கிறது:
எந்த உயரத்திலிருந்து விழுந்தீர்கள்?

இருபத்தெட்டடி ஏணி.
கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓடும் எஃகு வடத்தில்
கொக்கி இரண்டையும் மாட்டி,
இடுப்புப் பட்டையைச் சுற்றிக் கட்டி,
ஆற்றுக்கு அக்கரையில் கனடா தெரிய
காற்றோடு சேர்ந்து ஆடிக்கொண்டே
ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன் மேலே.
அங்கே விழவில்லை.

இறங்கும்போது.
பட்டையை அவிழ்த்த பிறகு.
மனசு முன்னாலேயே வண்டிக்குள் ஏறி
ஹீட்டரைப் போட்டுக்கொண்ட பிறகு.
கீழிருந்து நான்காவது படியில்.

நான்கு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.
இருபது என்றால் ஊரில் ஒரு மரியாதை.
நான்கா,
அதிலிருந்து என் மகள் குதிப்பாளே என்கிறான் மச்சான்.

வடக்கு மேய்னில், நவம்பர் கடைசியில்
மண் மண்ணாக இருப்பதில்லை.
உருளைக்கிழங்கு தோண்டிய வயல்
ராத்திரியோடு ராத்திரியாக இரும்பாகிவிடும்.
வலது குதிகால்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.
உறைந்த கேரட்டை ஒடித்தாற்போல
ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கதவைத் திறந்துகொண்டு லியாண்ட்ர் ஓடி வந்தார்,
கையில் போன்:
"வந்துவிட்டது ரோசேர், வந்துவிட்டது!
துளி இரைச்சல் இல்லை!"
மேலே பார்த்துத்தான் கத்தினார்.
ஏணியில் ஆள் இல்லை.
பிறகு கீழே பார்த்தார்.

நான் உயிர்கொடுத்த லைனில்தான்
எனக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்.

ஏணி சரியான கோணத்தில் சாய்க்கப்பட்டிருந்ததா?
ஆம்.
காலணியின் அடிப்பாகம்?
புதியது.
மூன்று புள்ளிகளில் பிடிமானம் இருந்ததா?
இரண்டு. ஒரு கையில் டிரில்.
அன்று எத்தனையாவது வேலை?
ஆறாவது வீடு. ஏழாவது வீடு
இரண்டு முறை போன் செய்துவிட்டது.

இந்த விபத்தைத் தவிர்த்திருக்க முடியுமா?
மூன்றங்குலக் கட்டம்.

ஃபெர்னான் பதினோரு வருடம் அடியில் நின்றான்,
இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி
தோற்றுப்போன ஹாக்கி ஆட்டங்களைத்
திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டு.
நடுவில் பேச்சை நிறுத்தி
"கீழ்ப்படியில் ஐஸ், பார்த்து" என்பான்.
மார்ச்சில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஒரு வண்டிக்கு ஓர் ஆள் போதுமாம்.
அவன் பெயர் மூன்றங்குலத்துக்குள் அடங்கும்.
எழுதினேன். அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ஃபோர்ட் கென்ட் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் சொன்னார்:
இதற்குப் பழைய பெயர் காதலர் முறிவு.
புருஷன் வரும் காலடி கேட்டு
மாடி ஜன்னல் வழியே குதித்தவர்களுக்கு
இந்த எலும்புதான் இப்படி நொறுங்குமாம்.
ஓடில் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.
மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:
"யார் அவள்?"

ஒரு தகடு, ஏழு திருகாணி.
பகலில் அந்தக் கால் என் பேச்சைக் கேட்கிறது.
தூக்கத்தில் மட்டும் கீழே கீழே துழாவி
ஒரு படியைத் தேடுகிறது.
உதைபடுவது ஓடிலின் முழங்கால்.

லியாண்ட்ர் பார்க்க வந்தார், ஒரு சாக்கு உருளைக்கிழங்கோடு.
கம்பெனியின் இயந்திரக் குரல் அவரைக் கூப்பிட்டதாம்:
எங்கள் ஊழியரின் வருகை திருப்தியளித்ததா?
ஒன்றிலிருந்து ஐந்துவரை அழுத்தவும்.
"ஐந்தை அழுத்தினேன்.
வேறு எதை அழுத்துவது, சொல்."

ஏணியை எடுத்துப்போக
இன்னும் யாரும் வரவில்லை என்றார்.
செல்போனில் படம் காட்டினார்.
வடத்தைப் பற்றியபடி
விட்ட இடத்திலேயே நிற்கிறது.
படிதோறும் பனி.
எல்லாப் படியிலும் ஒரே கனம்,
நான்காவதிலும்.